மண்ணுக்கும் மருந்து உண்டு, ஆனால்...

நாம் உண்ணும் சோறே நஞ்சாகுமா? ஆகும் என்பதற்கு ஜப்பானின் தொயாமா மாவட்டமே சான்று. காமியோகா சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் என்னும் உலோகம் ஜின்சு ஆற்றில் கலந்து, பாசன நீர் வழியே வயல்களில் படிந்தது. அங்கு விளைந்த அரிசியை ஆண்டுக்கணக்கில் உண்டவர்களின் சிறுநீரகங்கள் கெட்டன. எலும்புகள் மென்மையாகி முறிந்தன. அவர்களுள் பெரும்பாலோர் பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள். "வலிக்கிறது, வலிக்கிறது" என்ற அவர்களின் கதறலே 'இதாய்-இதாய்' என்று நோயின் பெயராயிற்று. 1968-இல்தான் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. வயல்களில் புதுமண் இட்டுச் சீராக்கும் பணி 2012-இல்தான் முடிந்தது.

மண்ணை மாற்ற வசதியில்லாத உழவர் என்ன செய்வார்? சுண்ணாம்பு இட்டால் மண்ணின் அமிலத்தன்மை குறையும். காட்மியம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வேர் அதை எளிதில் உறிஞ்சாது. வேரோடு கூடி வாழும் பூஞ்சைகளும் நஞ்சில் ஒரு பகுதியைத் தம் இழைகளில் பிடித்து வைக்கும். ஆனால் நீர் தேங்கிய வயலில் இவை குறைவாகவே பரவும். நீரைத் தேக்கினால் காட்மியம் அடங்கும். மண்ணில் ஆர்சனிக்கும் இருந்தாலோ, அது நெல்லில் மிகும். ஆகவே மண்ணைச் சோதிக்காமல் மருந்திடுவது ஆபத்தே.

இம்முறைகளை நான் வரவேற்கிறேன். எனினும் இவை நஞ்சைக் கட்டிப்போடுமேயன்றி அகற்றமாட்டா. மண்ணில் அமிலம் மீண்டும் ஏறினால் கட்டு அவிழும். எனவே விளைந்த நெல்லையும் தவறாமல் சோதிக்க வேண்டும். அச்செலவை உழவர் தலையில் சுமத்தலாகாது. நஞ்சைக் கொட்டியவரே ஏற்க வேண்டும். பூஞ்சை காக்கும் என்று சொல்லிக் கழிவை ஆற்றில் விடுவது, வீட்டில் மருந்து இருக்கிறதே என்று குழந்தைக்கு நஞ்சை ஊட்டுவதற்கு ஒப்பாகும் அன்றோ?