பூவிருந்தவல்லிக்கும் ஒரு நாள்

ஸ்பெயின் நாடு என்றவுடன் நம் சமுதாயத்தார் நெஞ்சில் எழும் ஊர்கள் இரண்டு. ஒன்று குர்துபா; மற்றொன்று கிரானடா. குர்துபாப் பள்ளிவாசலின் செவ்வெண் வளைவுகளும் அல்ஹம்ரா மாளிகையின் சிங்க முற்றமும் அச்சிடப்படாத நாள்காட்டியை நம் இல்லங்களில் காண்பது அரிது. அந்நாட்டுக்குச் செல்லும் வசதி பெற்றோரும் அவ்விரண்டையும் கண்டு, படமெடுத்து, திரும்பிவிடுகின்றனர். கிழக்கே அரகோன் பகுதியில் தெருவேல் என்றொரு சிற்றூர் இருப்பதை அறிந்தவர் மிகச் சிலரே. ஸ்பானியரே பலர் அதனை அறியாதிருந்தனர் என்பது வேடிக்கை. அவ்வூர் மக்கள் பொறுமையிழந்து 1999ஆம் ஆண்டில் ஓர் இயக்கம் தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'தெருவேலும் இருக்கிறது' என்பதாகும். இருப்பதையே இருக்கிறது என்று கூவிச் சொல்ல வேண்டிய நிலை! 2019இல் அவ்வியக்கத்தின் வேட்பாளர் ஒருவர் நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அங்கே என்ன இருக்கிறது? செங்கல்லால் எழுப்பி, பச்சையும் வெள்ளையுமான ஓடுகள் பதித்த கோபுரங்கள் இருக்கின்றன. அவற்றின் அடியில் வளைவு விட்டு அதன் வழியே தெரு செல்கிறது. அவை கிறித்தவத் தேவாலயங்களின் மணிக்கோபுரங்கள். ஆயினும் பார்த்த மாத்திரத்தில் அவை மினாராக்களின் உடன்பிறப்புகள் என்று நம் கண் சொல்லிவிடும். ஆட்சி கைமாறிய பின்னரும் அம்மண்ணிலேயே வாழ்ந்த முஸ்லிம் கைவினைஞரின் கலைமரபு அது. அவர்களை முதேஹர் என்பர். தங்கிவிட இசைவு பெற்றவர் என்னும் பொருள்படும் அரபுச் சொல்லின் திரிபு அப்பெயர். 1610இல் அரகோனில் எஞ்சியிருந்த அம்மரபினரும் மதம் மாற்றப்பட்ட நிலையிலேயே நாடு கடத்தப்பட்டனர். கோபுரங்கள் நின்றன. 1986இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. அப்பகுதிச் சந்தையில் இன்றும் ஆட்டிறைச்சியும் ஒலிவ எண்ணெயும் குங்குமப்பூவும் பெயர் பெற்றவை. எண்ணெய்க்கும் குங்குமப்பூவுக்கும் ஸ்பானியர் வழங்கும் பெயர்கள் அரபு மொழியின் கொடையே.

கடல் கடந்த ஊரைப் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்று பெரியோர் வினவக்கூடும். நம் வாசலிலேயே ஒரு தெருவேல் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான். அதன் பெயர் பூவிருந்தவல்லி. பேச்சு வழக்கில் பூந்தமல்லி.

சென்னையின் நடுவிலிருந்து மேற்கே செல்லும் பெருஞ்சாலைக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலை என்று பெயர். பெரியார் ஈ.வெ.ரா. சாலை எனப் பெயர் மாறிய பின்னரும் மக்கள் நா பழைய பெயரை விடவில்லை. நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் அச்சாலையில் செல்கின்றனர். அச்சாலை எந்த ஊரை நோக்கிச் செல்கிறதோ அந்த ஊரை இறங்கிப் பார்த்தவர் எத்தனை பேர்? காஞ்சிக்கும் வேலூருக்கும் பெங்களூருக்கும் செல்வோருக்கு அது ஒரு பேருந்து நிறுத்தம், அவ்வளவே. அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடிப் படைத்தளவாடத் தொழிற்சாலை என்று பிழைப்பு நிமித்தமாக இப்பகுதியில் குடியேறிய நம்மவரும் பிழைப்புக்கு அப்பால் இம்மண்ணை எண்ணிப் பார்த்ததில்லை. நம் கல்லூரிகளின் சுற்றுலா அறிவிப்புகளில் உதகையும் மைசூரும் ஐதராபாத்தும் மாறி மாறி இடம்பெறும். பூவிருந்தவல்லியை அவற்றில் நாம் கண்டதில்லை.

வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம். 1639இல் ஆங்கிலேயக் கும்பினியார் கடற்கரையில் கோட்டை கட்ட இடம் கேட்டபோது, அதனை அளித்தவர் தாமர்ல வெங்கடப்ப நாயக்கர். அவர்தம் உடன்பிறந்தார் ஐயப்ப நாயக்கர் இருந்து ஆண்ட இடம் பூவிருந்தவல்லி. சென்னை வெறும் மணல்மேடாக இருந்த நாளில் அதிகாரம் இவ்வூரில் இருந்தது என்பது இதனால் விளங்கும். சில ஆண்டுகளில் கோல்கொண்டா குதுப்ஷாகி அரசின் படைத்தலைவர் மீர் ஜும்லா இப்பகுதியைக் கைக்கொண்டார். அந்த ஆட்சியின்போது 1653இல் இவ்வூரில் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. அதனை எழுப்பியவர் அஸ்தராபாத் நகரத்துத் துல்ஃபிகாரின் மைந்தர் ருஸ்தம் என்பார். பாரசீகக் கல்வெட்டு அச்செய்தியைத் தாங்கி நிற்கிறது. அஸ்தராபாத் என்பது காஸ்பியன் கடலோரம் இன்று குர்கான் என வழங்கும் ஈரானிய நகரம். எங்கோ வடக்கே பனிபெய்யும் நாட்டில் பிறந்த ஒருவர் தொண்டை மண்டலத்துப் பூந்தோட்ட ஊரில் தொழுகைக்கு இடம் அமைத்தார். தாஜ்மகால் நிறைவெய்திய அதே காலத்தில் நிகழ்ந்த செயல் இது. ஆக்ராவுக்கு இரண்டு நாள் இரயிலில் செல்ல நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.

தமிழ்த்துறை மலரில் எழுதுகிறோமாதலின் தமிழின் பங்கையும் சொல்லியாக வேண்டும். இவ்வூரில் பிறந்தவர் 11ஆம் நூற்றாண்டின் திருக்கச்சி நம்பிகள். பூ வளர்த்துக் காஞ்சி வரதருக்குச் சூட்டியும் ஆலவட்டம் வீசியும் தொண்டு செய்தவர். பிறப்பால் வணிக குலத்தவரான அவரிடம் இராமாநுசர் வழிகாட்டல் நாடினார் என்பது வைணவ மரபு போற்றும் செய்தி. அடுத்த ஊர் திருமழிசை. ஆழ்வார் ஒருவரின் பெயரிலேயே அவ்வூர் நிற்கிறது. தெற்கே குன்றத்தூர், பெரியபுராணம் தந்த சேக்கிழாரின் ஊர். வடக்கே திருமுல்லைவாயிலில் சுந்தரர் பாடிய மாசிலாமணீசுவரர் கோயில் உள்ளது. அங்கு எருக்கந் தூண்கள் இரண்டினைக் காட்டித் தொண்டைமான் கதை சொல்வர். பாடியில் சம்பந்தர் பாடிய திருவலிதாயம். சீறாப்புராணத்தையும் பெரியபுராணத்தையும் ஒரே வகுப்பறையில் பயிற்றுவிக்கிற நாம், ஒன்றன் ஆசிரியர் பிறந்த ஊர் பேருந்து எட்டும் தொலைவில் இருப்பதை மாணவருக்குச் சொல்லியிருக்கிறோமா? ஆவடி என்றால் பீரங்கி வண்டி என்று சொல்லத் தெரிந்த மாணவருக்கு, 1955 சனவரியில் அங்கு கூடிய காங்கிரசு மாநாடுதான் சமதர்மப் பாணிச் சமுதாயம் என்னும் தீர்மானத்தை நாட்டுக்குத் தந்தது என்பது தேர்வுக்குப் படித்த ஒரு வரி மட்டுமே. இன்னும் வடமேற்கே சென்றால் அத்திரம்பாக்கம். அங்குக் கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என்று 2011இல் ஆய்வாளர் நிறுவினர். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

இனி உணவு. ஆம்பூருக்கு ஒரு பிரியாணி, திருநெல்வேலிக்கு ஓர் அல்வா, மணப்பாறைக்கு ஒரு முறுக்கு என்பது போலப் பூவிருந்தவல்லிக்கு ஓர் அடையாள உணவு இல்லை. இதனை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதுவே இப்பகுதியின் சிறப்பு என்பது எம் கருத்து. வந்தவரெல்லாம் தத்தம் அடுப்பையும் கொண்டுவந்த பகுதி இது. உருது பேசும் குடும்பங்களில் பெருநாள் காலையில் சேமியாவும், மணத்தால் தெருவையே அழைக்கும் தம்ரூட்டும் உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கமிருந்து குடியேறியோர் வீட்டில் வட்டலப்பமும் இடியாப்பமும். ஏரி நிறைந்த ஆண்டுகளில் செம்பரம்பாக்கத்துக் கெண்டையும் விராலும் புளிக்குழம்பில் மணக்கும். வைணவக் கோயில் மடைப்பள்ளியின் புளியோதரை வேறு. திருமண வீட்டுப் பிரியாணிக்குத் துணையாக வரும் தால்சாவில் மாங்காயும் கத்தரிக்காயும் பருப்பும் எலும்பும் கூடிக் கொதிப்பதைப் பார்த்தால், இந்நாட்டு ஒருமைப்பாட்டுக்கு அதனினும் நல்ல விளக்கம் தேவையில்லை என்று தோன்றும்.

எல்லாவற்றினும் மேலாக நாம் சொல்ல விரும்புவது நோன்புக் கஞ்சி. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, பட்டை, தேங்காய்ப்பால். இதில் அரிய பொருள் ஏதுமில்லை. பெரிய தேக்சாவில் நண்பகல் தொழுகைக்குப் பின் அடுப்பேற்றி, மாலையில் பள்ளிவாசல் வாயிலில் ஊற்றத் தொடங்கினால், தூக்குச்சட்டியோடு நிற்கும் பிள்ளைகளில் நம் வீட்டுப் பிள்ளை யார், அடுத்த தெருப் பிள்ளை யார் என்று எவரும் கேட்பதில்லை. உடல்நலம் குன்றிய பாட்டிக்கு வேண்டுமென்று பிற சமயத்தார் வந்து வாங்கிச் செல்வது அன்றாடக் காட்சி. அரிசியை 2001 முதல் அரசே விலையின்றி அளிக்கத் தொடங்கியது நன்றியோடு குறிப்பிடத்தக்கது. இத்தகைய உணவை எந்தப் பயண நூலும் எழுதுவதில்லை. விலைப்பட்டியலில் இல்லாததே காரணம் போலும்!

உணவை எழுதுவது அற்பச் செயலன்று. 14ஆம் நூற்றாண்டில் கிரானடாவையும் கண்டு மதுரையையும் கண்ட இப்னு பதூதா, அரசர்களைப் பற்றி எழுதிய அதே கையால் இந்நாட்டவர் மாங்காயையும் பச்சை இஞ்சியையும் மிளகையும் ஊறுகாயாக்கி உண்பதையும் குறித்து வைத்தார். அரிசிக்கு ஸ்பானியர் அரோஸ் என்கின்றனர். அது அரபு ருஸ் என்பதன் வழி வந்தது. அதன் ஆணிவேர் நம் அரிசியே என்பார் உளர், மறுப்பாரும் உளர். நாரங்கிப் பழத்தின் பெயரோ நம் நாரத்தையிலிருந்து புறப்பட்டுப் பாரசீகமும் அரபும் கடந்து ஸ்பெயின் சேர்ந்தது என்பர்.

இவ்வளவும் சொல்லக் காரணம் ஒன்றுண்டு. தமிழகத்தில் நம் முன்னோர் எழுப்பிய பழைய பள்ளிவாசல்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன. கடற்கரை ஊர்களில் கருங்கல் தூண் நிறுத்தி, போதிகையும் பூவேலையும் செதுக்கி, உருவம் ஏதுமின்றித் தமிழ்க் கட்டடக் கலையை இறையில்லத்துக்கு ஏற்ப வளைத்த கல்லுப்பள்ளிகள் எத்தனையோ இருந்தன. கீழக்கரையிலும் காயலிலும் சில இன்றும் நிற்கின்றன. பிற ஊர்களில் பல இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் சிமெண்டுக் குவிமாடமும் பளிங்குத் தரையும் குளிரூட்டியும் வந்துவிட்டன. கல்வெட்டுப் பலகைகள் சுண்ணாம்புக்கும் வண்ணப்பூச்சுக்கும் அடியில் மறைகின்றன. தெருவேலில் கட்டியவர்களை விரட்டினார்கள், கட்டடத்தைக் காத்தார்கள். நாமோ இங்கேயே வாழ்கிறோம். நம் கையாலேயே கட்டடத்தை அகற்றுகிறோம்.

சமுதாயப் பெரியோர் இதற்குச் சொல்லும் மறுமொழியை நாம் அறிவோம். தொழுவோர் தொகை பெருகிவிட்டது. வெள்ளிக்கிழமை தெருவில் பாய் விரிக்க வேண்டியிருக்கிறது. பழைய கூரை ஒழுகுகிறது. பள்ளிவாசல் தொழுகைக்கேயன்றிக் காட்சிக்கன்று. இவையனைத்தும் உண்மை. மழையில் நனைந்து தொழுபவரிடம் கலைநயம் பேசுவது நாகரிகமாகாது. ஆயினும் விரிவு என்பது இடிப்பு ஆகவேண்டியதில்லை. முன்புறமோ பக்கவாட்டிலோ புதுக்கூடம் எழுப்பி, பழைய உட்பள்ளியை அப்படியே விட்டுவைத்த ஜமாஅத்துகள் உண்டு. அவ்வாறு செய்ய இயலாத இடத்திலும், ஒரு கல்லை அசைக்குமுன் படமெடுத்து, அளந்து, கல்வெட்டைப் படியெடுத்து வைக்க எவ்வளவு செலவாகும்? ஒரு விருந்தின் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. முத்தவல்லிமார் இதனைச் செய்யத் தயங்கமாட்டார்கள், கேட்பார்தான் இல்லை. கேட்க வேண்டியவை கல்லூரிகள்.

பூவிருந்தவல்லி வரை மெட்ரோ இரயிலுக்கான தூண்கள் எழுந்துவிட்டன. நிலத்தின் விலை ஏறும். பழைய வீடுகளும் பழைய சுவர்களும் நெடுநாள் நிற்கமாட்டா. ஆகவே தமிழ்த்துறையும் வரலாற்றுத் துறையும் அரபுத் துறையும் கூடி, ஆண்டுக்கொரு நாள் மேற்குப் புறநகர்ப் பயணம் ஒன்றை வகுக்க வேண்டும் என்பது எம் வேண்டுகோள். காலையில் திருமுல்லைவாயிலில் தொடங்கி, திருமழிசை கண்டு, நண்பகல் தொழுகைக்குப் பூவிருந்தவல்லி சேரலாம். பிற சமயத்து மாணவரும் ஆசிரியரும் உடன்வரட்டும். கோயிலில் அவர்கள் நமக்கு விளக்கட்டும், பள்ளிவாசலில் நாம் அவர்களுக்கு விளக்குவோம். உணவுக்கு ஓட்டலை நாடாமல், அவ்வூர்க் குடும்பத்தார் சிலரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் மகிழ்ந்து சமைப்பர். சமைக்கும் மூதாட்டியரிடம் குறிப்பேட்டோடு அமர்ந்து அளவும் பக்குவமும் எழுதிக்கொள்வது மாணவியர் பொறுப்பு. மாணவருக்கும் அதில் தடையொன்றுமில்லை. திரும்பும் வழியில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் மாலைத் தேநீர்.

முதற்பயணத்துக்கு ஓர் இடையூறு மட்டும் தெரிகிறது. பாரசீகக் கல்வெட்டைப் படித்துப் பொருள் சொல்வார் நம்மிடையே அருகிவிட்டனர். அரபு எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தும் பொருள் விளங்காமல் நிற்போம். ஆதலின் பேருந்துக்குச் சொல்லுமுன், உருதும் பாரசீகமும் கற்ற மூத்த ஆலிம் ஒருவரைக் கண்டுபிடித்து அவருக்கு நாள் ஒழியுமா என்று கேட்டாக வேண்டும்.