சேத்ரியைத் திரும்பக் கூப்பிட்டது பழைய கடனுக்குப் புதுக் கடன்

2025 நவம்பர் 18-ம் தேதி டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றோம். 22 வருடமாக அவர்களிடம் தோற்காத அணி நம்முடையது. அந்த மாதம் வந்த ஃபிஃபா தரவரிசையில் இந்தியாவுக்கு 142-வது இடம். 2023 ஜூலையில் இதே இந்தியா 99-ல் இருந்தது. 2027 ஆசியக் கோப்பையில் நமக்கு இடமில்லை என்பது டாக்காவுக்கு ஒரு மாதம் முன்பே முடிவாகிவிட்டது.

நான் இருப்பது கொல்கத்தா. ஃபுட்பால் பற்றி அபிப்பிராயம் இல்லாத மனுஷன் இங்கே கிடையாது. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் விற்கிறவர் முதல் எங்கள் பிராஞ்ச் கேஷியர் வரை எல்லோர் பாக்கெட்டிலும் ஒரு லிஸ்ட் இருக்கிறது. இவனைத் தூக்கு, அவனைப் போடு, கோச்சை மாத்து, வெளிநாட்டில் பிறந்த இந்திய வம்சாவளிப் பையன்களைக் கூட்டி வா. நம்ம ஆட்கள் கூடுகிற இடத்திலும் இதே கச்சேரிதான்.

என் கட்சி வேறு. பதினோரு பெயரை அடித்துவிட்டு வேறு பதினோரு பெயர் எழுதுவதற்குப் பேர் அணியைப் புதுப்பிப்பது இல்லை. அந்த இன்னொரு பதினோரு பேர் எங்கே இருந்து வருவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காத வரைக்கும் நாம் செய்வதெல்லாம் எவர்கிரீனிங்.

வங்கியில் இல்லாதவர்களுக்காக இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒருத்தர் வாங்கின கடனைக் கட்டவில்லை. வாராக்கடன் என்று கணக்கில் காட்டினால் மானம் போகும், லாபமும் குறையும். என்ன செய்வார்கள்? அதே ஆளுக்குப் புதுசா ஒரு கடன் கொடுத்து, அந்தப் பணத்தில் பழைய கடனைக் கட்டவைத்து, கணக்கு ஆரோக்கியமாக இருக்கிற மாதிரி காட்டுவார்கள். குவார்ட்டர் முடிவு ஜோராக இருக்கும். நஷ்டம் எங்கேயும் போகாது, உள்ளேயே கிடந்து வளரும்.

இப்போது இந்திய அணிக்கு வாங்க.

2024 ஜூன் 6-ம் தேதி, இங்கே சால்ட் லேக் மைதானத்தில், குவைத்துடன் 0-0. சுனில் சேத்ரி விடைபெற்றார். 151 ஆட்டம், 94 கோல். அன்று அணியில் இருந்த வேறு யாரும் பத்து கோலைக்கூட எட்டியிருக்கவில்லை. 94-க்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் இருந்த அந்தப் பள்ளம்தான் நஷ்டம். அன்றே ஒத்துக்கொண்டு கணக்கில் எழுதியிருக்க வேண்டும். அணி ரெண்டு வருஷம் தோற்கும், தோற்கட்டும், நாலு பையன்களை முன்வரிசையில் நிறுத்துவோம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை. 2024 முழுக்க ஒரு வெற்றிகூட இல்லாமல் ஓடியது. ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி, ஒரு கோல் இல்லை. பயம் வந்துவிட்டது. ஒன்பது மாசம் கழித்து, 2025 மார்ச்சில், 40 வயசான சேத்ரியை மறுபடி கூப்பிட்டார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என்று ஜெயித்தோம், சேத்ரி தன் 95-வது கோலைப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். குவார்ட்டர் எண்ட் பிரமாதம்! ஆறே நாளில் அதே ஊரில் வங்கதேசத்துடன் 0-0. ஜூனில் ஹாங்காங்கிடம் 0-1.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடிக்க வருவீர்கள். தப்பு சேத்ரி மேல் இல்லை. நாட்டுக்கு ஆட வா என்றால் அவர் வரத்தான் செய்வார். 2024-25 ஐ.எஸ்.எல்லில் 14 கோல் போட்டு, அந்த சீசனில் அதிக கோல் போட்ட இந்தியரும் அவர்தான். பக்கத்தில்கூட வேறு இந்தியர் யாரும் வரவில்லை. அவருக்கு அது பெருமை. 40 வயசுக்காரரைத் தாண்ட 25 வயசில் ஒருத்தர் இல்லை என்பது நமக்கு அவமானம்.

"அவர் இல்லாமல் யார் கோல் போடுவார்?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. பதில் ஆட்டங்களிலேயே இருக்கிறது. 2019 செப்டம்பரில் தோஹாவில், ஆசிய சாம்பியனாக இருந்த கத்தாரை 0-0 என்று நிறுத்தினோமே, அன்று சேத்ரி காய்ச்சலில் படுத்திருந்தார். 2025 ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்த மத்திய ஆசியக் கோப்பைக்கு காலித் ஜமீல் அவரை எடுக்கவில்லை. மோகன் பகான் தன் வீரர்களை அனுப்பவுமில்லை. அந்த அரைகுறை அணி தஜிகிஸ்தானை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று ஜெயித்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஓமனை பெனால்டியில் வீழ்த்தியது. அந்தப் பையன்களை அப்படியே தொடர விட்டிருக்கலாம். அக்டோபரில் சிங்கப்பூர் ஆட்டம் வந்ததும் கை நடுங்கி, சேத்ரியைத் திரும்ப அழைத்தார்கள். அங்கே 1-1. மட்காவில் 1-2. ஆசியக் கோப்பைக் கதை முடிந்தது. நவம்பரில் சேத்ரி இரண்டாவது முறையாக விடைபெற்றார். எவர்கிரீனிங் பண்ணின கணக்கு எல்லாமே கடைசியில் இப்படித்தான் வந்து நிற்கும்.

சரி, பள்ளம் எப்படி வந்தது?

இதற்கும் வங்கியில் ஒரு கதை உண்டு. 2000-01-ல் அரசு வங்கிகளில் வி.ஆர்.எஸ். கொடுத்தார்கள். சுமார் ஒரு லட்சம் பேர் வெளியே போனார்கள். அதையொட்டிப் பல வருஷம் புது ஆள் எடுப்பதும் ரொம்பக் குறைவு. அப்போது யாருக்கும் வலிக்கவில்லை, செலவு குறைந்தது. வலி பத்துப் பதினைந்து வருஷம் கழித்து வந்தது. ஒரு பக்கம் ரிட்டயர் ஆகப்போகிற ஐம்பத்தெட்டு வயசு, மறுபக்கம் நேற்றுச் சேர்ந்த இருபத்தஞ்சு வயசு. நடுவில் ஆளே இல்லை.

இந்திய ஃபுட்பாலின் முன்வரிசையில் நடந்ததும் இதுதான். 2014-ல் ஐ.எஸ்.எல். ஆரம்பித்தபோது களத்தில் ஒரு அணிக்கு ஆறு வெளிநாட்டவர் வரை ஆடலாம். பிறகு ஐந்து ஆனது, 2021-22-ல் நான்கு. எண்ணிக்கை குறைந்தது, ஆனால் கிளப்காரர்கள் அந்த நாலில் ஒன்றை எங்கே செலவழிப்பார்கள்? கோல் போடுகிற இடத்தில்தான். அவர்கள் பணம், அவர்கள் ரிசல்ட், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பத்து வருஷத்துக்கும் மேல் எல்லா கிளப்பும் இதையே செய்தால், இந்தியப் பையன் ஸ்ட்ரைக்கராக எங்கே போய்ப் பழகுவான்?

இது கீழே வரை இறங்கிவிட்டது. எங்கள் குடியிருப்பில் ஒரு பையன், தமிழ்க் குடும்பம்தான், பதிமூணு வயசு. பெட்டிக்குள் பந்து வந்தால் வலைக்குள்தான் போகும். அவன் கோச்சே அவனிடம் சொல்லியிருக்கிறார், "ஸ்ட்ரைக்கரா இருந்தா பெரிய கிளப்ல இடம் கிடைக்காது, இப்பவே விங்குக்கு மாறிடு" என்று. அந்த கோச் கெட்டவர் இல்லை. சந்தை நிலவரம் தெரிந்தவர்.

வாய்ப்புக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்ம ஊர் உதாரணமே உண்டு. காரைக்குடிப் பக்கத்துப் பையன் சிவசக்தி நாராயணன். 2022 செப்டம்பரில் இதே சால்ட் லேக்கில் டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டம், பெங்களூரு மும்பையை 2-1 என்று ஜெயித்தபோது முதல் கோல் அவருடையது. அந்த சீசன் ஐ.எஸ்.எல்லில் பெங்களூரு கோச் சைமன் கிரேசன் ஒரு காரியம் செய்தார். 38 வயசு சேத்ரியை பெஞ்சில் உட்காரவைத்து 21 வயசு சிவசக்தியை இறக்கினார். அணி வரிசையாக ஜெயித்து இறுதி வரை போனது. சிவசக்திக்கு வளரும் வீரர் விருது. சேத்ரியும் பெஞ்சிலிருந்து வந்து பிளே ஆஃபில் முக்கியமான கோல்கள் போட்டார். மூத்தவரை மதிப்பதும் இளையவரை வளர்ப்பதும் ஒரே அணியில் முடியும் என்று நிரூபித்த சீசன் அது. அடுத்த வருஷமே அதே கிளப் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரைக் கொண்டுவந்தது. அதற்கடுத்த வருஷம் இன்னும் இரண்டு பேர். சிவசக்தியின் அந்த வேகம் தொடரவில்லை.

இப்போது வெளிநாட்டு வம்சாவளி விஷயம். 2008 முதல் இந்தியக் குடியுரிமை இருந்தால்தான் இந்தியாவுக்கு ஆட முடியும். ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் அந்த ஊர்க் குடியுரிமையைத் துறந்து 2025-ல் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கினார். அவரைக் கும்பிட்டு வரவேற்க வேண்டும். பிழைக்க வந்த ஊரில் "நீ எந்த ஊர்?" என்று கேட்கப்படுவது எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும், நாமே அதை இன்னொருத்தரிடம் கேட்கக் கூடாது.

ஆனால் அதையே வைத்தியமாக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது பல்க் டெபாசிட் மாதிரி. பெரிய தொகை, ஒரே நாளில் வரும், ஒரே நாளில் போகும். வங்கி நிற்பது ஆயிரக்கணக்கான சின்ன சேமிப்புக் கணக்குகளில். இங்கிலாந்தில் வளர்ந்த ஹம்சா சௌத்ரி வந்ததும் வங்கதேசம் நம்மை மிரட்டியது உண்மை. ஆனால் அவர்களும் 2027 ஆசியக் கோப்பைக்குப் போகவில்லையே!

உஸ்பெகிஸ்தானைப் பாருங்கள். 2024 ஜனவரியில் நம்மை 3-0 என்று அடித்தவர்கள். 2023-ல் 20 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை, 2025-ல் 17 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை, இரண்டும் அவர்களுடையது. 2026 உலகக் கோப்பைக்கு முதல் முறையாகத் தகுதியும் பெற்றார்கள். ஜனத்தொகை நாலு கோடிக்கும் குறைவு. 140 கோடிப் பாட்டு பாடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கவும்.

குறை மட்டும் சொன்னால் போதாது. என் யோசனைகள் நாலு.

1. நஷ்டத்தை ஒத்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு வருஷ நட்பு ஆட்டங்களை 23 வயசை ஒட்டிய அணியோடு ஆடுவோம் என்று ஃபெடரேஷன் வெளிப்படையாக அறிவிக்கட்டும். தரவரிசை இன்னும் இறங்கினால் இறங்கட்டும்.

2. நாலு ஸ்ட்ரைக்கர்களைப் பொறுக்கி எடுத்து, ஆளுக்குக் குறைந்தது பத்து ஆட்டம் உத்தரவாதம் கொடுங்கள். ஒரு வாய்ப்பைத் தவறவிட்டதும் அடுத்த முகாமில் பெயர் இல்லை என்கிற பழக்கத்தை நிறுத்துங்கள். புரொபேஷனரி ஆபீசருக்கே இரண்டு வருஷம் தருகிறோம்.

3. வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை முன்னுரிமைத் துறைக்குக் கொடுத்தே ஆகவேண்டும். விவசாயம், சிறுதொழில் எல்லாம் அதில் வரும். குறைந்தால் அந்தத் தொகையை நபார்டில் உள்ள கிராமப்புறக் கட்டமைப்பு நிதியில் குறைந்த வட்டிக்குப் போட வேண்டும். இதையே ஐ.எஸ்.எல்லுக்கும் வையுங்கள். ஸ்ட்ரைக்கர் இடத்து நிமிஷங்களில் 40 சதவீதம் 23 வயசுக்குட்பட்ட இந்தியருக்கு. கொடுக்காத கிளப் இளையோர் லீக் நிதிக்குப் பணம் கட்டட்டும். ஆட்டத்தின் தரம் போய்விடும் என்பார்கள். முன்னுரிமைக் கடனால் வங்கி மூழ்கும் என்றும்தான் சொன்னார்கள். கடைசியில் பெரிய வாராக்கடன் எல்லாம் பெரிய கம்பெனிகளிடம்தான் வந்து நின்றது.

4. நன்றாக ஓடிய ஒன்றை மூடினீர்களே, அதைத் திறங்கள். 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிய பையன்களைக் கலைத்துவிடாமல் இந்தியன் ஆரோஸ் என்ற பெயரில் ஐ லீக்கில் பெரியவர்களோடு ஆடவைத்தார்கள். சுரேஷ் வாங்ஜம், ஜீக்சன் சிங், அன்வர் அலி, ரஹீம் அலி எல்லாம் அந்த வழியாக வந்தவர்கள். சிங்கப்பூரில் 2025 அக்டோபரில் கடைசி நேரத்தில் சமன் செய்த கோல் ரஹீம் அலியுடையது. 2022-ல் ஆரோஸை மூடிவிட்டார்கள்.

நாலாவதுதான் அவசரம். டாக்காவில் பெரியவர்கள் தோற்று பன்னிரண்டாம் நாள், நவம்பர் 30-ம் தேதி, அகமதாபாத்தில் நம் 17 வயதுக்குட்பட்ட பையன்கள் ஈரானை 2-1 என்று ஜெயித்து 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். ஈரானை! இந்தப் பையன்கள் பதினெட்டு வயசில் எங்கே ஆடப்போகிறார்கள்? 2025-26 ஐ.எஸ்.எல். சீசனே ஒப்பந்தச் சண்டையில் மாட்டி 2026 பிப்ரவரியில்தான் ஆரம்பித்தது. சீனியர்களுக்கே ஆட்டம் இல்லாத நாட்டில் இந்தப் பையன்களை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

கடைசியாக நம்ம குடும்பங்களுக்கு. பத்தாவது வந்ததும் பூட்ஸைப் பரண் மேல் போடச் சொல்கிறோம். படிப்பு வேண்டும், நானும் பி.காம். படித்து வேலைக்கு வந்தவன்தான். ஆனால் ஒரு மணி நேர மைதானத்தால் மார்க் குறைந்த பையனை நான் பார்த்ததில்லை, மைதானத்தைப் பிடுங்கியதால் முகம் செத்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். அவன் சேத்ரி ஆக வேண்டாம். ஸ்ட்ரைக்கராக ஆடுகிறவனை ஸ்ட்ரைக்கராகவே ஆடவிடச் சொல்லி அந்த கோச்சிடம் போய் ஒரு வார்த்தை பேசுங்கள். டியூஷன் மாஸ்டரிடம் மட்டும் மாசா மாசம் போய்ப் பேசுகிறோம் இல்லையா?

டிஸ்கி: சேத்ரி மோகன் பகானில் ஆரம்பித்தவர் என்பதால் எழுதிய பதிவு இல்லை இது. அவர் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடியிருக்கிறார். ஆமாம், நான் ஈஸ்ட் பெங்கால்தான். ஊரை விட்டு வந்தவர்கள் கொண்டாடுகிற கிளப், நமக்கு வேறு எது ஒட்டும்?