படிதலும் படித்தலும்

நீரில் மூழ்குவதைப் ‘படிதல்’ என்றும் நூலைக் கற்பதைப் ‘படித்தல்’ என்றும் தமிழ் வழங்குகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்று வாதிட வேண்டியதில்லை. ஒலி ஒற்றுமை வேர் ஒற்றுமைக்குச் சான்றாகாது. ஆயினும் இவ்விரண்டையும் ஒருசேரச் செய்வோர் உண்டு. கோவளம் தொடங்கி விழிஞ்ஞத்தையும் கடந்து நீளும் கடலோரக் குன்றுகளில் உள்ள உயர்தர விடுதிகளில், குளியல் தொட்டியின் வெந்நீரில் சாய்ந்தபடி புத்தகம் வாசிப்போர் அவர்கள்.

அந்த இன்பத்தில் பழிப்பதற்கு ஒன்றுமில்லை. உடல் எடையை மறக்கிறது. ஈரக் கைக்கு அஞ்சிக் கைபேசி வெளியே கிடக்கிறது. கதவு தாழிடப்பட்டிருக்கிறது. நீர் ஆறும்வரை எவரும் அழைப்பதில்லை. அகதா கிறிஸ்டி தொட்டியில் ஆப்பிள் தின்றவாறே கதைகளுக்குத் திட்டமிட்டார். பிரெஞ்சுப் புரட்சியின் மாரா தோல் நோயின் வேதனை தணியத் தொட்டிக்குள் அமர்ந்தே எழுதினார். 1793 ஜூலை 13 அன்று அங்கேயே குத்திக் கொல்லப்பட்டார். புத்தகம் காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மரபினர், நூலை நீரருகே கொண்டுசெல்வதையே குற்றம் என்பர். அதுவும் தேவையற்ற அச்சம். ஓரம் நனைந்து உப்பிய புத்தகம், தொடப்படாமல் அலமாரியில் நிற்கும் புத்தகத்தைவிட நல்வாழ்வு வாழ்ந்தது.

பழிப்புக்குரியது வேறொன்று. “வாசிப்பை நேசிப்பவர் எப்படியும் நேரம் கண்டுபிடிப்பார்” என்னும் வாக்கியம் அது. கேரளத்தில் ஜூன் 19 வாசிப்பு நாளிலும், தமிழகத்தில் புத்தகக் காட்சிகளின்போதும் இது தவறாமல் ஒலிக்கிறது. வாய்ப்பை இவ்வாக்கியம் பண்பாக மாற்றிவிடுகிறது. வாசிப்பவர் நற்குணத்தால் வாசிக்கிறார், வாசிக்காதவர் சோம்பலால் விடுகிறார் என்பதே இதன் உட்பொருள்.

கணக்கைப் பார்க்கலாம். ஒரு குளியல் தொட்டி நிறைய ஏறத்தாழ 150 லிட்டர் நீர் வேண்டும். ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வகுத்த அளவு 55 லிட்டர். குடிக்க, சமைக்க, துவைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஆக, ஓர் அத்தியாயத்துக்கான நீர் ஏறக்குறைய மூவரின் ஒரு நாள் வாழ்வு. நீரைக்கூட விட்டுவிடலாம். அக்குளியலறையில் உண்மையில் விலை உயர்ந்த பொருள் தாழ்ப்பாள்.

அதே குன்றுகளின் அடிவாரத்தில் வேறொரு குளியல் நடக்கிறது. ‘குளி’ என்னும் வினைக்கு மூழ்குதல் என்ற பழம்பொருள் ‘முத்துக்குளித்தல்’ என்ற சொல்லில் இன்றும் வாழ்கிறது. விழிஞ்ஞத்தில் அது தொழிலாகவே வாழ்கிறது. கடலடிப் பாறைகளில் ஒட்டிய சிப்பியை மூச்சடக்கி மூழ்கிப் பெயர்த்தெடுப்போர் அங்கு உள்ளனர். துறைமுகக் கட்டுமானத்தால் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டு இழப்பீடு பெற்றோரில் அவர்களும் அடங்குவர். ஒரே கரை, ஒரே வினைச்சொல். மேலே ஓய்வு, கீழே மூச்சுத் திணறல். நாளெல்லாம் நீரில் கிடந்தவரிடம், நீரில் கிடந்து வாசிக்கும் சுகத்தைப் பற்றி எந்த முகத்தோடு பேசுவது?

வாசிப்புக்கு வசதி வேண்டும் என்பதை இந்நிலத்தின் அரசர்கள் அறிந்தே இருந்தனர். விழிஞ்ஞத்தைத் துறைமுகமாகக் கொண்டிருந்த ஆய் மரபின் கோக்கருநந்தடக்கன், 866இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் சாலையும் அமைத்தான். அங்கே கற்போர் 95 பேருக்கு இடமும் உணவும் ஒதுக்கியதைச் செப்பேடு சொல்கிறது. ‘ஆர்வமுள்ளவன் எப்படியும் கற்றுக்கொள்வான்’ என்று அவன் சும்மா இருந்துவிடவில்லை. ஆனால் அந்த 95 இடங்களும் வேதம் ஓதுவோருக்கே உரியவை. கரையில் வலை இழுத்தவனுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. யாருக்கு ஓய்வு மானியமாகக் கிடைக்கிறது, யாருக்கு அறிவுரை மட்டும் கிடைக்கிறது என்ற பிரிவினைக்கு இக்கரையில் ஆயிரம் ஆண்டு வயது.

இன்றைய சான்று வலியதுறையில் உள்ளது. கடலரிப்பில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் அங்குள்ள சிமெண்டுக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தன. 2022 ஆகஸ்டு முதல் டிசம்பர்வரை விழிஞ்ஞத்தில் நடந்த போராட்டத்தின் கோரிக்கைகளில் இவர்களின் மறுவாழ்வும் ஒன்று. ஒரே கூரையின்கீழ் பல குடும்பங்கள், நடுவே தடுப்புகள், ஒருவரின் இருமல் அனைவருக்கும் பொது. அங்கே வளர்ந்த சிறுமி நாவல் வாசிக்கவில்லை என்றால், அதற்குக் கைபேசியைக் குற்றம் சாட்டுவது நேர்மையா?

தெருவிளக்கில் படித்து முன்னேறியோரைச் சிலர் எடுத்துக்காட்டுவர். தெருவிளக்கில் படித்தவரைப் புகழும் சமூகம், அவர் வீட்டில் விளக்கு ஏன் இல்லை என்று கேட்பதில்லை. மேலும், அவர்கள் அங்கே படித்தவை பெரும்பாலும் பாடநூல்கள். ஏழைக்குப் பயன்தரும் நூல், வசதியுள்ளவருக்கு இன்பந்தரும் நூல் என்ற பாகுபாட்டை நாம் இயல்பென்றே ஏற்றுக்கொண்டோம். பயனின்றி, தேர்வின்றி, வெறும் சுகத்துக்காக வாசிக்கும் உரிமைதான் இங்கே மறுக்கப்படுவது.

1945இல் பி. என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கம் இதில் பாதியை உணர்ந்திருந்தது: வாசிப்புக்குக் கூரையும் விளக்கும் பலகையும் வேண்டும். மறுபாதி எஞ்சியிருக்கிறது. மாலையில் திறக்கும் வாசகசாலை, மீன் விற்றுத் திரும்பி மாலையில் அடுப்பு மூட்டும் பெண்ணுக்கு எந்நாளும் மூடிய வாசகசாலையே.

ஆகவே கேட்க வேண்டியவை எளியவை. கடலை ஒட்டி வாழ்வோரை வேறிடத்தில் குடியமர்த்தும் ‘புனர்கேஹம்’ போன்ற திட்டங்களின் வீடுகளில், சன்னல் வெளிச்சத்தோடு, கதவடைத்து ஒருவர் அமர ஓர் இடம் வேண்டும். கரையோர நூலகங்களின் நேரத்தை அலுவலகக் கடிகாரம் தீர்மானிக்கக் கூடாது. படகுகள் கரையேறும் நேரமும் சந்தை கலையும் நேரமும் தீர்மானிக்க வேண்டும். குழாயில் நீர் வரும் நேரத்துக்காகக் குடத்தோடு காத்திருக்கும் மணிகள் பெண்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும்.

குளியல் தொட்டி வைத்திருப்போர் வாசிக்கட்டும். நீர் ஆறும்வரை வாசிக்கட்டும். கதவைத் திறந்து வெளியே வந்தபின், தாழ்ப்பாளே இல்லாத வீட்டாருக்கு வாசிப்பின் அருமையைப் போதிக்காமல் இருந்தால் போதும்.