பஸ்காலே குடும்பத்தின் விமானப் பட்டறை

ஆகாய விமானம் செய்வதென்றால் கோடிக்கணக்கான மூலதனமும், ராணுவ இலாகாவின் ஆதரவும், பல்லாயிரம் தொழிலாளரும் இன்றி முடியாது என்னும் அபிப்பிராயம் நம்மவரிடையே வெகு நாளாக வேரூன்றியிருக்கிறது. பெரிய பிரயாண விமானங்களைப் பொறுத்த வரையில் இது மெய்யே. இரண்டு பேரோ நான்கு பேரோ ஏறிச் செல்லும் சிறு விமானங்களின் சரித்திரமோ வேறு. அதை அறிய விரும்பும் அன்பர்கள் இத்தாலியின் தென்பகுதியிலுள்ள நேபிள்ஸ் நகரத்துப் பஸ்காலே குடும்பத்தின் வரலாற்றைச் சற்றே கவனிக்க வேண்டுகிறோம்.

லூயிஜி பஸ்காலே 1923-இல் பிறந்தவர். அவரும் அவருடைய சகோதரர் ஜியோவன்னியும் சிறு பிராயத்திலேயே விளையாட்டு விமானங்கள் செய்து பறக்க விட்டவர்கள். யுத்தம் ஓய்ந்தது. குண்டு வீச்சுக்கு இரையாகிக் கிடந்த அந்த நகரத்திலிருந்தே இருவரும் மெய்யான விமானம் ஒன்றைச் செய்து முடித்தனர். 1951-இல் வானில் ஏறிய அதன் பெயர் 'பி 48'. எந்த வருஷத்தில் வரையத் தொடங்கினார்களோ அந்த வருஷமே விமானத்தின் பெயராகும் வழக்கம் அன்று தொட்டு அக்குடும்பத்தில் நிலைத்துவிட்டது. பின்னால் வந்த பி 57, பி 64, பி 66 என்பவற்றை வரிசையாக வைத்தாலே அக்குடும்பத்தின் பஞ்சாங்கம் தெரிந்துவிடும்.

1957-இல் 'பார்த்தெனாவியா' என்ற ஸ்தாபனம் உருவாயிற்று. நேபிள்ஸின் புராதனப் பெயரான பார்த்தெனோப்பே என்பதிலிருந்து எடுத்த பெயர் இது. லூயிஜி அந்நகரத்துச் சர்வகலாசாலையில் விமான சாஸ்திரம் போதித்த ஆசிரியருங்கூட. வகுப்பில் சொன்னதைப் பட்டறையில் பரீட்சை செய்து பார்க்கவும், பட்டறையில் கண்ட குறையை உடனே வரைபடத்தில் திருத்தவும் அவருக்கு இடமிருந்தது. நடுவே அனுமதி கேட்க வேண்டிய அதிகாரி எவருமில்லை. 1970-இல் பறந்த 'பி 68' இவ்வாறு பிறந்ததுதான். ஆறு ஆசனங்களும் இரண்டு யந்திரங்களும் கொண்ட அந்த விமானம் நானூறுக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாராகி, பல தேசங்களில் போலீஸ் காவலுக்கும் நில அளவைக்கும் உபயோகமாயிற்று.

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய கட்டம் வருகிறது. 1981-இல் இத்தாலிய சர்க்கார் வசமிருந்த 'ஏரித்தாலியா' என்ற பெரும் ஸ்தாபனம் பார்த்தெனாவியாவின் பெரும்பகுதிப் பங்குகளை வாங்கிக் கொண்டது. பணபலத்துக்கும் செல்வாக்குக்கும் இனிக் குறைவில்லை. தொழில் இனிப் பன்மடங்கு பெருகும் என்றே எவரும் நினைத்திருப்பர். நடந்ததோ வேறு. பார்த்தெனாவியா கை மாறிக் கை மாறி, 1998-இல் 'வல்கனேர்' என்ற மற்றொரு கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. சகோதரர்கள் என்ன செய்தனர்? லூயிஜி அறுபது பிராயம் கடந்திருந்த 1986-இல் 'டெக்னாம்' என்ற பெயரில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தனர். தொடக்கத்தில் பிற கம்பெனிகளின் விமானங்களுக்குப் பாகங்கள் செய்து கொடுத்தே பட்டறையை நடத்தி வந்தனர். 1993-இல் இருவர் ஏறும் 'பி 92' பறந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை விலை போயின.

அதன் பின் வந்தவற்றில் 2007-இல் பறந்த 'பி 2006' ஒன்றை மட்டும் சொல்லி மேலே செல்வோம். பி 68-இல் இருந்த இரண்டு யந்திரங்களும் தலைக்கு இருநூறு குதிரைச் சக்தி கொண்டவை. இதிலோ தலைக்கு நூறுதான். மோட்டார் வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலிலேயே ஓடக் கூடியவை. நான்கு பேரைச் சுமக்க இது போதும் என்று துணிந்து கணக்கிட்டவர் எண்பது பிராயத்தைத் தாண்டிய கிழவர்! அமெரிக்காவின் நாஸா ஸ்தாபனம் மின்சார விமானப் பரீட்சைக்கு இதையே தேர்ந்தெடுத்தது. (அந்தப் பரீட்சை விமானம் ஒரு முறையேனும் பறக்காமலே 2023-இல் கைவிடப்பட்டது, குறை இத்தாலியருடையதன்று.) ஒன்பது பிரயாணிகளை ஏற்றும் 'பி 2012' 2016-இல் பறந்தது. மறு வருஷம் லூயிஜி காலமானார். நிர்வாகம் குடும்பத்தின் அடுத்த தலைமுறையார் கையில் இருக்கிறது.

குடும்ப ஆட்சியை நாம் பொதுவாகப் புகழ்வதில்லை. தகப்பன் சேர்த்ததைத் தனயன் கரைத்த கம்பெனிகள் நம் நாட்டிலும் உண்டு, பிற நாட்டிலும் உண்டு. வரைபவரும், செய்பவரும், விற்றபின் வாங்கியவரின் முறையீட்டைக் கேட்பவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர் என்பதே இக்குடும்பத்தினிடம் நாம் காணும் விசேஷம். 1981-இல் கட்டிடமும் யந்திரங்களும் போயின; அந்தக் கூட்டுறவு போகவில்லை.

இது நமக்குத் தூரத்துக் கதையன்று. அதே பி 68-ஐ 1990-களில் நமது ஓசூரில் தனேஜா கம்பெனியார் இத்தாலியருடன் ஒப்பந்தம் செய்து கொண்டு தயாரித்தனர். தமிழ்நாட்டு மண்ணில் விமானம் உருவாயிற்றென்று நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அந்தத் தொழில் நீடிக்கவில்லை. வரைபடம் நேபிள்ஸிலிருந்து வந்தது. வரைந்தவரோ அதற்கு முன்பே அக்கம்பெனியை விட்டு விலகியவர். ஓசூரில் ஒரு குறை கண்டால் யாரிடம் போய் முறையிடுவது?

இன்னொன்றும் சொல்வோம். பி 92 பறந்த அதே 1993-இல் பெங்களூரில் நமது தேசிய விமான ஆராய்ச்சிசாலையார் செய்த 'ஹன்ஸா'வும் பறந்தது. அதுவும் இருவர் ஏறுவது, பயிற்சிக்கு ஏற்றது. நம் எஞ்சினீயர்களின் புத்திக்கு எவ்விதக் குறைவுமில்லை என்பதற்கு அதுவே சாட்சி. எனினும் அதன் முதல் உருவம் எண்ணிக்கையில் இருபதைக்கூட எட்டவில்லை. வரைந்தது ஆராய்ச்சிசாலை, செய்தது வேறு பட்டறை, வாங்கிக் கொடுத்தது சர்க்கார் இலாகா, ஓட்டியது விமானக் கழகம். இந்நால்வரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக் கொண்டிருக்க, நமது பயிற்சிசாலைகளுக்கு அந்நிய விமானங்களே வந்து சேர்ந்தன.

2021-இல் ஹன்ஸாவின் புதிய உருவம் பறந்திருக்கிறது. இம்முறை தனியார் பட்டறையில் தயாரிப்பதென்று ஏற்பாடாகியிருப்பது சந்தோஷமே. பயிற்சி பெறும் ஒரு மாணவன், கதவு சரியாகச் சாத்தவில்லை என்றோ, வெயிலில் யந்திரம் சூடேறுகிறது என்றோ சொன்னால், அந்தச் சொல் எத்தனை நாளில் வரைபவரின் மேஜையை அடையும்? சர்க்காரும் புதிய பட்டறையாரும் இதற்கு இப்போதே விடை சொல்ல வேண்டுகிறோம்.