அறுபது படிகளும் ஓர் இஞ்சு டேப்பும்

சுவாமிமலை முருகனைப் பார்க்க அறுபது படி ஏற வேண்டும். தமிழ் ஆண்டுகள் அறுபதும் அந்தப் படிகளுக்குப் பெயர். சென்ற கிருத்திகையன்று பாதி வழியில் ஒருவர் கைப்பிடியைப் பற்றியபடி நின்றுவிட்டார். ஐம்பது வயது இருக்கலாம். கை கால் ஒல்லி. வேட்டி மட்டும் தொப்பைக்குக் கீழே இறங்கியிருந்தது. “செத்த உக்காருங்கப்பா” என்றாள் மகள். “ஒண்ணுமில்லம்மா, வெயில்” என்றார்.

நிற்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறதா என்று அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர்கள் கேட்பதுண்டு. அவருக்கு அந்தக் கேள்வி கோயிலிலேயே வந்துவிட்டது.

பருமன் என்றால் நூறு கிலோ ஆள்தான் நம் நினைவுக்கு வருகிறார். டெல்டாவின் பருமன் வயிற்றில் ஒளிந்திருக்கிறது. நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்துவிட்டது, வரப்பு வரை பைக் போகிறது, சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. பேன்ட் போடுபவருக்காவது இடுப்பு பெருத்தால் தெரியும். வேட்டி எல்லா வயிற்றுக்கும் இடம் கொடுக்கும். எடையை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு, 2004-இல் யாஜ்னிக், யுட்கின் என்ற இரு மருத்துவர்கள் தங்களையே சாட்சியாக லான்செட் இதழில் நிறுத்தினார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கான பி.எம்.ஐ. 22.3. ஆங்கிலேயரான யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், புணேக்காரரான யாஜ்னிக்குக்கு 21.2.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் எடை மிகுந்த பெண்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4. ஆண்கள் 28.2-லிருந்து 37-க்கு ஏறியிருக்கிறார்கள். இவர்களில் பலர் நாளை இதய அடைப்போடு கேத் லேப் வாசலில் நிற்பார்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்களில் குண்டானவர்களே நன்றாகப் பிழைக்கிறார்கள் என்று சில ஆய்வுகள் சொன்னதுண்டு. அதை ஆறுதலாக எடுத்துக்கொள்வது ஆபத்து. ஒல்லியானவர் கணக்கில் முதியவர்களும் வேறு நோயால் இளைத்தவர்களும் சேர்ந்துவிடுகிறார்கள். குண்டானவர்களோ இளம் வயதிலேயே வந்துவிடுகிறார்கள். பைபாஸில் கதை வேறு. நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து, கம்பியால் கட்டி மூடுகிறார்கள். கொழுப்புத் திசுவில் ரத்த ஓட்டம் குறைவு. ஒவ்வோர் இருமலும் தையலை இழுக்கும். கூடவே சர்க்கரையும் இருந்தால் புண்ணில் கிருமி தொற்றும் அபாயம் கூடுகிறது. இதயத் துடிப்பு தடுமாறுவதும், வென்டிலேட்டரில் கூடுதல் நேரம் கிடக்க நேர்வதும் குண்டானவர்களுக்கு அதிகம். ஆஞ்சியோவைத் தொடை இடுக்கு வழியாகச் செய்தால், சதை மடிப்புக்கு அடியில் ரத்தக் கசிவை அழுத்தி நிறுத்துவது கடினம். மணிக்கட்டு வழி பாதுகாப்பானது.

அதற்காக, எடையைக் காட்டி மாரடைப்பு சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அங்கே நிமிடங்கள்தான் கணக்கு. 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கிடைக்கின்றன. நாள் குறித்துச் செய்யும் பைபாஸுக்கோ சில வாரம் கையில் இருக்கும். அந்த நாட்களில் பட்டினி கிடந்து எடை குறைப்பது தவறு. சதை கரைந்தால் புண் ஆறாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், புகையை விடுவதும், மூச்சுப் பயிற்சியும்தான் வேண்டும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் வீட்டு வாசலிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அப்படி வருகிறவர்களின் பையில் ஓர் இஞ்சு டேப்பும் இருக்கட்டும்: ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் எச்சரிக்கை. காப்பீட்டு அட்டை ஸ்டென்ட்டுக்குக் கைகொடுக்கிறது. ஸ்டென்ட்டோடு ஊர் திரும்புகிறவர் எவ்வளவு நடக்கலாம், என்ன சாப்பிடலாம், கோயில் படியில் எப்போது கால் வைக்கலாம் என்று பக்கத்தில் இருந்து சொல்ல, கும்பகோணம் போன்ற ஊர் அரசு மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்த வேண்டும்.