சூட்டோடு சூடாக நல்ல தண்ணீர்

எங்கள் நார்த்தாமலை முத்துமாரியம்மன் பங்குனித் தேர் நிலைக்கு வந்துவிட்டால் எனக்கு ஜெகதாப்பட்டினம் ஞாபகம் வந்துவிடும். திருவிழா முடிந்த கையோடு ஏப்ரல் 15, மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள், 2017-லிருந்து 61 நாள். மலையடிவாரத்துக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்பீர்கள். முப்பது வருஷம் அங்கே டீசல் மெக்கானிக்காக இருந்தவன் நான்.

தடைக்காலத்தில் படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், பலகை மாற்றுவார்கள், பேர் எழுதி மாலை கூடப் போடுவார்கள். இன்ஜினுக்குள் நிற்கும் உப்புத் தண்ணீரை மட்டும் யாரும் நினைப்பதில்லை. இதில்தான் எனக்குக் கோபம்.

கடல் தண்ணீரையே நேராக உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு, புகைக்குழாய் வழியாக வெளியே தள்ளும் இன்ஜினைச் சொல்கிறேன். லாரி மாதிரி ரேடியேட்டர், கூலன்ட் எல்லாம் அதற்குக் கிடையாது. இரண்டு மாதம் சும்மா கிடந்தால் உள்ளே தண்ணீர் காய்ந்து உப்பு படியும், இரும்பு துருப்பிடிக்கும். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொள்ளும். பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லரின் இறக்கைகள் ஒரே பக்கமாக மடங்கி அப்படியே நின்றுவிடும்.

ஒரு ஜூன் மாதம், தடை முடிந்த முதல் நாள். நான் வேலை பார்த்த படகு ஒன்று கிளம்பி இரண்டு மணி நேரத்தில் சூடேறி நின்றுவிட்டது. தென்மேற்குக் காற்று. நங்கூரம் போட்டும் பிடிக்கவில்லை. 1974-இல் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று நம் ஜில்லாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு படகு பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தது. பம்பைத் திறந்தால் இம்பெல்லரில் இரண்டு இறக்கை இல்லை. புது இம்பெல்லர் போட்டால் போதும் என்றார்கள். போதாது. உடைந்த துண்டு எங்கே? தேடினேன், குழாய் வளைவில் அடைத்துக்கொண்டு கிடந்தது. அதை எடுக்காமல் விட்டிருந்தால் மறுநாளும் அதே கதைதான்.

“குடிக்கவே தண்ணி விலைக்கு வாங்குறோம்ணே, இன்ஜினுக்கு எங்கே போறது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குத்தான் இந்த வழி. கடைசித் தொழில் முடிந்து கரைக்கு வந்ததும், இன்ஜின் ஆறுவதற்குள் செய்துவிட வேண்டும். நிறுத்தி, கடல் தண்ணீர் வால்வை மூடி, உறிஞ்சும் ஓஸைக் கழற்றி நல்ல தண்ணீர் பேரலில் போட்டு, மெதுவாக ஓட்டுங்கள். சூடாக இருப்பதால் தெர்மோஸ்டாட் திறந்தே இருக்கும், தண்ணீர் உள்ளே முழுக்கச் சுற்றும். ஆறிப்போன இன்ஜினில் எத்தனை பேரல் விட்டாலும் அது சுற்றுவழியாகப் புகைக்குழாய்க்குத்தான் போகும், உள்ளே இருக்கும் உப்பு அப்படியே இருக்கும். இரண்டு மூன்று பேரலோடு வேலை முடிந்துவிடும்.

பேரல் காலியாகும் முன்பே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிஷம் ஓடினாலே இம்பெல்லர் கருகிவிடும். ஓஸில் மோட்டார் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவலாமே என்று சிலர் கேட்பார்கள். இன்ஜின் ஓடாமல் அப்படி அடித்தால் தண்ணீர் புகைக்குழாய் வழியாகத் திரும்பி சிலிண்டருக்குள் போய்விடும். அப்புறம் மொத்த இன்ஜினையும் பிரிக்க வேண்டியதுதான்.

கழுவிய பிறகு வடிகுழாயைத் திறந்து, துரு அடைத்திருந்தால் கம்பியால் குத்தி, முழுக்க வடித்துவிடுங்கள். அரைகுறையாக நின்றால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள், முழுக்கக் கரையட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடு என்று சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. நானும் சின்ன வயதில் சொன்னவன்தான். சூடு குறையும், உண்மை. ஆனால் இன்ஜின் எந்நேரமும் குளிர்ந்தே ஓடிக் கரி படியும், சிலிண்டர் தேயும், டீசலும் கூடக் குடிக்கும்.

இம்பெல்லரைக் கழற்றி வைத்தால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதை ஒரு கயிற்றில் கோத்து ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். தடை முடிந்த அவசரத்தில் யாராவது அப்படியே ஸ்டார்ட் பண்ணிவிடுவார்கள்.