மாமியின் மிளகாய்த்தூளும் கெல்லர் ஈரமும்



கடந்த மாரியில் எமது கெல்லரில் இருந்து என் மனைவி ஒரு பொதியை எடுத்து வந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து மாமி வறுத்து இடித்து அனுப்பிய மிளகாய்த்தூள். ஒரு மூலை கட்டிபட்டுச் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. "இஞ்சாருங்கோ, மேலால வழிச்சுப்போட்டுத் திரும்ப வறுத்தால் சரிதானே?" என்று கேட்டார். வைத்தியனான நானே ஒரு கணம் "ஓம்" சொல்லப் பார்த்தேன். ஆனாலும் பொதி முழுவதும் குப்பைக்குத்தான் போனது. காரணத்தைச் சொல்கிறேன்.

1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் இறந்தன. அவை தின்றது பிரேசிலில் இருந்து வந்த கச்சான் பிண்ணாக்கு. அதில் வளர்ந்த பங்கசு சுரந்த நஞ்சுக்குத்தான் அஃப்ளாரொக்சின் என்று பெயர் வைத்தார்கள். 1974இல் இந்தியாவின் இராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் பூஞ்சணம் பிடித்த சோளத்தை உண்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஏழைகள் ஈரல் பாதிக்கப்பட்டு மாண்டனர். 2004இல் கென்யாவில் 125 பேர் இறந்தனர். சிறிது சிறிதாக நெடுங்காலம் உட்கொண்டாலும் ஈரல் புற்றுநோய் வரலாம். ஹெப்பரைற்றிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பன்மடங்கு.

"நல்ல கிருமிகளைக் கொண்டே இந்த நஞ்சுகளை நீக்கலாமாமே, டொக்ரர்?" என்று சிலர் கேட்கிறார்கள். அது பொய்யல்ல. ஆபிரிக்க நாடுகள் சிலவற்றில் நஞ்சு சுரக்காத அதே இனப் பங்கசை வயலில் தூவுகிறார்கள். அது இடத்தைப் பிடித்துக்கொள்ள, நஞ்சு சுரக்கும் பங்கசு ஒதுங்கிப் போகிறது. சோளத்தில் வரும் பியூமொனிசின் என்ற வேறொரு நஞ்சை வெட்டிச் செயலிழக்கச் செய்யும் நொதியத்தைப் பன்றித் தீவனத்தில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் அனுமதித்தது. தயிர் வகைப் பற்றீரியாக்கள் சில அஃப்ளாரொக்சினைத் தம்மேல் ஒட்டிக்கொள்வதும் ஆய்வுகூடங்களில் காணப்பட்டுள்ளது.

இவை நல்ல முயற்சிகள். ஆனால் இவற்றின் இடம் வயலும் தீவன ஆலையும். எமது குசினி அல்ல என்பதே என் கருத்து. ஒரு நஞ்சுக்கான நொதியம் இன்னொன்றுக்கு உதவாது. ஆய்வுகூடத்தில் கண்டதை நம்பிப் பழுதான தூளைத் தயிரில் குழைத்துச் சாப்பிட முடியாது. சாதாரண வறுவலிலும் பொரியலிலும் அஃப்ளாரொக்சின் முற்றாக அழியாது. பூஞ்சணத்தை வழித்தெறிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு தூளுக்குள் இருக்கலாம். இன்றைக்கும் முதல் மருந்து ஈரம் படாமல் காப்பதுதான்.

ஆகவே மிளகாய்த்தூள், கச்சான், செத்தல் ஆகியவற்றைக் கெல்லரில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத போத்தலில் சிறிது சிறிதாக வைத்து, மிகுதியை உறைகுளிர்ப்பெட்டியில் வையுங்கள். கைத்த கச்சானைத் துப்பிவிடுங்கள். பூஞ்சணம் கண்டால் பொதியோடு எறியுங்கள். கோழிக்கோ குருவிக்கோ போடாதீர்கள். வான்கோழிகளுக்கு நடந்தது நினைவிருக்கட்டும்.

இன்னுமொன்று. ஊரில் உள்ளவர்கள் நல்ல மிளகாயைத் தெரிந்தெடுத்து எமக்கு அனுப்பிவிட்டு, கறுத்ததையும் பூஞ்சணம் பிடித்ததையும் "வீணாக்கக் கூடாது" என்று தாங்கள் சமைக்கிறார்கள். மாமியிடம் கேட்டபோதுதான் எனக்கே இது தெரிந்தது. அடுத்தமுறை ஊருக்குக் கதைக்கும்போது, தூள் வந்து சேர்ந்தது என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். மிளகாயை வெறும் நிலத்தில் போடாமல் பாயில் பரப்பி, பனி படாமல் நன்றாகக் காயவைக்கச் சொல்லுங்கள். பழுதானதை எறியவும் சொல்லுங்கள். அந்தச் செலவை நாங்கள் அனுப்பலாம்.